சர்வர் ரூமில் சென்சார் மாட்டுவது: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்லூரி, ஆஸ்பத்திரி, மில், ஜவுளிக்கடை என்று சின்னச் சின்ன சர்வர் ரூம்களுக்கு சென்சார் மாட்டிக் கொடுப்பது என் வேலை. போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. திரும்பத் திரும்ப வாட்ஸப்பில் பதில் தட்டி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு ரேக், ஒரு ஸ்பிளிட் ஏசி, ஒரு யுபிஎஸ் உள்ள அறைகளுக்கான பேச்சு இது. பெரிய டேட்டா சென்டர் நடத்துகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஏசியில 20 வச்சுதான சார் ஓட்டுறோம், அப்புறம் எதுக்குத் தனியா சென்சார்?

ரிமோட்டில் தெரிகிற 20 நீங்கள் போட்ட உத்தரவு. அறை அதைக் கேட்டதா என்பது வேறு விஷயம். ஏசி தனக்குத் திரும்பி வரும் காற்றை மட்டும்தான் அளக்கிறது. ரேக்கின் உச்சியில் உள்ள சர்வர் எந்தக் காற்றை இழுக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் சர்வர் ரூம் வேகிற கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகும். சர்வர்கள் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏசிக்கு யுபிஎஸ் கிடையாது. அரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிடும். ஆனால் ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஏசி, யாராவது ரிமோட்டை அமுக்கும்வரை சும்மா கிடக்கும். திங்கள் காலை கதவைத் திறக்கிறவர் முகத்தில் அனல் அடிக்கும்.

எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி. உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ. சர்வர், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 2 கிலோவாட் எடுத்தால் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்தக் காற்றை அது நிமிடத்துக்கு 3 டிகிரி ஏற்ற வல்லது. சுவரும் ரேக்கின் இரும்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் இதைவிட மெதுவாக ஏறும். கத்திரி வெயிலில் மேல் மாடி அறை என்றால் அந்தச் சுவரே ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

எத்தனை டிகிரி இருந்தா சரி?

சர்வர் முன்பக்கமாக இழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. சாதாரண சர்வர்கள் 32, 35 வரை தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன, ஆனால் அது தினசரி வைத்து ஓட்டுகிற அளவு இல்லை. 27ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 32ஐத் தொட்டால் ஓட வேண்டும்.

இன்னொரு பக்கம், சிலர் அறையை 17 டிகிரிக்குக் கொண்டுபோய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். கரண்ட் பில்தான் ஏறும். ஆனால் யுபிஎஸ் பேட்டரியும் அதே அறையில் இருந்தால் 25ஐ ஒட்டியே வையுங்கள். சீல் செய்த ஈய அமில பேட்டரிக்கு 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

சர்வருக்குள்ளயே சென்சார் இருக்காமே, அது பத்தாதா?

இருக்கிறது, நல்ல சென்சார்தான். காசு செலவழிக்கும் முன் அதை முதலில் பயன்படுத்துங்கள். சர்வரின் பின்னால் ஐடிராக் (டெல்), ஐலோ (எச்பி) போன்ற நிர்வாக போர்ட் இருக்கும். அதில் ஒரு கேபிளைச் செருகினால் இன்லெட் வெப்பநிலையை, அதாவது சர்வர் உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டை, ஐபிஎம்ஐ அல்லது எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு முறை வழியாகப் படிக்கலாம். பல இடங்களில் அந்த போர்ட் வாங்கிய நாளிலிருந்து காலியாகவே கிடக்கிறது.

அதற்குத் தெரியாதவை: ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர், ஈரப்பதம், திறந்து கிடக்கும் கதவு, மெயின் கரண்ட் போய்விட்ட செய்தி. தனி சென்சார் இவற்றுக்காகத்தான் வேண்டும்.

சென்சார எங்க மாட்டணும்? எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டு பக்கத்துல மாட்டிட்டுப் போயிட்டார்.

அங்கே மாட்டினால் சுவரின் வெப்பநிலைதான் தெரியும். ரேக்கின் முன்கதவின் உள்பக்கம், சர்வர் காற்றை இழுக்கும் இடத்தில் மாட்டுங்கள். முறைப்படி ஒரு ரேக்குக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று வைப்பார்கள். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் முன்பக்கம், மேலிருந்து இரண்டாவது சர்வர் உயரத்தில் வையுங்கள். பின்பக்கம் தள்ளிய சூடான காற்று ரேக்கின் தலைக்கு மேல் சுற்றி முன்னால் வந்துவிடும், அதனால் பிரச்சினை முதலில் தெரிவது மேலேதான். காலியாக இருக்கும் இடங்களை மூடித் தகடு போட்டு அடைத்தாலே மேல் சர்வருக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சென்சாருக்குக் காசு இருந்தால் அது பின்பக்கம் போகட்டும். முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் சகஜம்தான், பயப்பட வேண்டாம். ஏசி நேராக ஊதும் இடத்தில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். ஊரே வேகும்போதும் அது 16 என்று காட்டும்.

மதுரை வறண்ட ஊரு, ஈரப்பதமெல்லாம் நமக்கு எதுக்கு?

சித்திரை, வைகாசிக்கு நீங்கள் சொல்வது சரி. ஐப்பசி, கார்த்திகைக்குச் சரியில்லை. அடைமழை நாளில் வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேல். அதாவது 24க்குக் குறைவாகக் குளிர்ந்த எந்த இரும்பின் மேல் பட்டாலும் அது தண்ணீராகிவிடும். உங்கள் அறை 19இல் இருக்கும்போது கதவுக்கு ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குளிர்ந்த சொம்பின் வெளியே வேர்ப்பது போல ரேக் வேர்க்கும்.

60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே 20ஐத் தொட்டால் நிலை மின்சாரத் தொல்லை வரும். நம் ஊரில் அது அபூர்வம், எனக்கு இதுவரை வந்ததில்லை.

டவுன் ஹால் ரோட்டுல நூறு ரூபாய்க்கு நீல கலர் சென்சார் கிடைக்குது, அது போதுமா?

நீங்கள் சொல்வது டிஎச்டி11. வெப்பத்தில் கூட்டிக் குறைத்து 2 டிகிரி, ஈரப்பதத்தில் 5 சதவீதம் பிழை வரும். மாணவர் புராஜெக்டுக்கு நல்லது. 27க்கும் 29க்கும் வித்தியாசம் தெரிய வேண்டிய இடத்துக்கு ஆகாது.

வெப்பம் மட்டும் போதும் என்றால் டிஎஸ்18பி20. பிழை அரை டிகிரி. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்பதால் ஒரே மூன்று கம்பி கேபிளில் பலவற்றைக் கோத்துவிடலாம். மின் கம்பிக்கும் தரவுக் கம்பிக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று போட வேண்டும். அதை மறந்துவிட்டு சென்சாரே போச்சு என்று கொண்டுவருகிறவர்கள் அதிகம். சந்தையில் போலியும் அதிகம். ஈரப்பதமும் வேண்டும் என்றால் எஸ்எச்டி31 வாங்குங்கள். ஆனால் அது பேசும் ஐ2சி முறை ஒரே போர்டுக்குள் பேசுவதற்காக வந்தது, பத்து மீட்டர் கேபிள் இழுத்தால் தடுமாறும். எந்த சென்சாராக இருந்தாலும் அதைப் படித்து அனுப்பும் இஎஸ்பி32 வைஃபை போர்டை ஒட்டி ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். வைஃபை சிப்பின் சூட்டையும் சேர்த்து அளந்துவிடும்.

கையில் சால்டரிங் பிடிக்க ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இதெல்லாம் வேண்டாம். நெட்வொர்க் போர்ட்டுடன் வரும் ரெடிமேட் கருவி வாங்கிவிடுங்கள். விலை பல மடங்குதான். ஆனால் மாட்டியவர் வேலையை விட்டுப் போனாலும் அது ஓடும்.

வைஃபையா, கேபிளா?

கேபிள். ரேக்குக்குள்தான் ஸ்விட்சே இருக்கிறது, இரண்டடி கேபிளுக்கு ஏன் கஞ்சத்தனம்? பிஓஇ ஸ்விட்சாக இருந்தால் கரண்டும் அதே கேபிளில் போய்விடும், தனி அடாப்டர் வேண்டாம். இரும்பு ரேக்குக்குள் வைஃபை சிக்னலும் சரியாக நிற்காது. இஎஸ்பி போர்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். யாராவது ரூட்டரை 5க்கு மாற்றிவிட்டு உங்களிடம் சொல்ல மறந்துவிடுவார்கள்.

கப்பலூர் பக்கம் மில்களில் வேறு மாதிரி. சர்வர் ஓர் ஓரத்தில், யுபிஎஸ் அறை இன்னோர் ஓரத்தில். ஈதர்நெட் 100 மீட்டரோடு நின்றுவிடும். அங்கே ஆர்எஸ்485 என்ற கம்பி இணைப்புதான் நம்பகமானது. முறுக்கிய இரண்டு கம்பி, மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை போட வேண்டும். மோட்டார் கேபிளோடு சேர்த்து ஒரே பைப்பில் மட்டும் இழுக்காதீர்கள்.

எஸ்என்எம்பி, எம்க்யூடிடி, மோட்பஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எத எடுக்குறது?

மூன்றுமே சென்சார் அளவை எடுத்துச் செல்லும் மொழிகள்தான். ஏற்கெனவே ஸாபிக்ஸ் மாதிரி கண்காணிப்பு மென்பொருள் ஏதாவது ஓடினால் எஸ்என்எம்பி. நீங்களே போர்டு செய்கிறீர்கள் என்றால் எம்க்யூடிடி, அதன் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கராக மாஸ்கிட்டோ, சேமிக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, கிராஃப் காட்ட கிராஃபானா. எல்லாம் இலவசமாகவே கிடைக்கும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று போதும். மேலே சொன்ன ஆர்எஸ்485 என்றால் அதன் மேல் மோட்பஸ்தான் வரும், நடுவில் ஒரு கேட்வே வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்என்எம்பியில் ட்ராப்பை, அதாவது கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கையை, மட்டும் நம்பாதீர்கள். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபி முறையில் போகும் செய்தி அது. தபால்காரர் தொலைத்துவிட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்க் கேளுங்கள்.

ராத்திரி பூரா அலர்ட் வந்து உயிர வாங்குது. 27, 26.9, 27.1னு மாறி மாறி வருது.

எல்லைக்கோடு ஒன்றாக இருப்பதுதான் காரணம். ஏறும்போது 28இல் அலர்ட், இறங்கும்போது 26 வந்த பிறகுதான் சரியாகிவிட்டது என்ற செய்தி, இப்படி இரண்டாகப் பிரியுங்கள். கூடவே ஐந்து நிமிடம் தொடர்ந்து மேலே இருந்தால்தான் அனுப்பு என்று சொல்லுங்கள். கதவைத் திறந்து மூடுவதற்கெல்லாம் போன் அலறக் கூடாது.

அப்புறம் 32க்குத் தனி விதி. அதற்குத் தாமதமும் கிடையாது, டெலிகிராம் செய்தியும் போதாது, போன் அடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் 4 டிகிரி ஏறினால் எண் எதுவாக இருந்தாலும் அடி என்ற விதியையும் சேருங்கள். முதல் கேள்வியில் போட்ட கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏசி நின்றதை அது 27க்கு முன்பே சொல்லிவிடும்.

நெட்டே போயிட்டா அலர்ட் எப்படி சார் வரும்?

வராது. இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். கரண்ட் போய், ஸ்விட்ச் போய், பிராட்பேண்ட் போன பிறகு உங்கள் சென்சார் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு வேலை. ஒன்று, உள்ளேயிருந்து வெளியே வேறு வழி: சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம். மலிவாகக் கிடைக்கும் சிம்800 வகை 2ஜியில் மட்டும் வேலை செய்யும். ஜியோவில் 2ஜி இல்லை, அதனால் வேறு சிம் போடுங்கள். அனுப்பும் நொடியில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும், பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் செய்தி போகும் சமயம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும். சிம்மை ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேலிடிட்டி முடிந்த சிம்மோடு நான் பார்த்த மோடங்கள் நிறைய.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று உள்ளேயிருந்து செய்தி போக வேண்டும். மூன்று தடவை வரவில்லை என்றால் வெளியே இருப்பது உங்களைக் கூப்பிட வேண்டும். செய்தி வந்தால் கவலைப்படு என்று மட்டும் அமைத்தால் செத்துப்போன சென்சார் உங்களுக்கு நல்ல பிள்ளையாகத் தெரியும்.

செலவில்லாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வாட்ச்மேன் அண்ணன் காதில் விழும்படி ஒரு சைரன், பக்கத்தில் ஒரு அட்டையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எண்.

எங்க கிராஃப் ஆடாம அசையாம 24.6ல நேர்கோடா நிக்குது. அருமையா மெயின்டெயின் ஆகுதுல்ல?

ஏசி ஓடி நின்று ஓடும் அறையில் நேர்கோடு வரவே வராது. ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாகத்தான் இருக்கும். நேர்கோடு என்றால் பெரும்பாலும் சென்சார் செத்துவிட்டது, கடைசியாகச் சொன்ன எண்ணை யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எம்க்யூடிடியில் ரீட்டெயின் போட்டிருந்தால், புதிதாக இணைகிற எவருக்கும் புரோக்கர் அந்தப் பழைய மதிப்பைத்தான் கொடுக்கும். எண்ணோடு நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பத்து நிமிடம் பழசானால் கிராஃபில் இடைவெளி விழட்டும். 'லாஸ்ட் வில்' செய்தியையும் பதிந்து வையுங்கள், சென்சார் தொடர்பு அறுந்தால் புரோக்கரே துக்கச் செய்தி சொல்லிவிடும்.

டிஎஸ்18பி20 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எண்கள். திடீரென்று 85 என்று வந்தால் அறை எரியவில்லை. மின்சாரம் வந்தவுடன், அளப்பதற்கு முன் அதன் நினைவில் இருக்கும் ஆரம்ப மதிப்பு அது. அளக்க முக்கால் நொடி எடுக்கும், அதற்குள் கேட்டுவிட்டீர்கள். மைனஸ் 127 என்று வந்தால் கம்பி கழன்றுவிட்டது என்று அர்த்தம், நிரல் அப்படிச் சொல்கிறது. இந்த இரண்டையும் வடிகட்டி எறியுங்கள், ஆனால் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி வையுங்கள். அடிக்கடி வந்தால் கேபிளில் கோளாறு.

லாக்ல தேதி 1970னு வருது, இல்லேன்னா அஞ்சரை மணி நேரம் தள்ளி வருது.

போர்டில் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று ஆரம்பிக்கிறது. நெட்வொர்க்கில் சரியான நேரம் கொடுக்கும் என்டிபியில் நேரம் வாங்கிய பிறகுதான் அளவை அனுப்பும்படி எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் நம் நேரத்துக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். சேமிப்பது யூடிசியில், காட்டுவது நம் நேரத்தில் என்று முடிவு செய்து அதை மாற்றாதீர்கள்.

ரெண்டு சென்சார் பக்கத்துல பக்கத்துல, ஒண்ணு 25, ஒண்ணு 26.5. எத நம்புறது?

இரண்டையும் சோதியுங்கள். தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 என்றால் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் அமிழ்த்திக் கலக்குங்கள். 0 காட்ட வேண்டும். ஈரப்பதத்துக்கு சமையல் உப்பு போதும். மூடியில் உப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். உப்பு சென்சார் மேல் படக் கூடாது. 25 டிகிரியில் 75 சதவீதம் காட்ட வேண்டும். வித்தியாசத்தைக் குறித்து மென்பொருளில் கழித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்கு மேல் என்றால் கழிக்க வேண்டாம், சென்சாரையே கழித்துவிடுங்கள்.

தண்ணி, புகைக்கும் இதுலயே சென்சார் மாட்டிரலாமா?

தண்ணீருக்குக் கட்டாயம். ஏசியின் டிரெயின் பைப்பில் பாசியும் தூசியும் அடைத்து உள்ளே ஒழுகுவது நம் ஊரில் ஏசி நிற்பதற்கு அடுத்தபடியாக வரும் தொல்லை. கயிறு மாதிரி வரும் தண்ணீர் சென்சாரை ஏசிக்கு நேர் கீழே தரையிலும் ரேக்கைச் சுற்றியும் போடுங்கள். ரேக்குக்கு மேலேயே ஏசியை மாட்டியிருந்தால் சென்சாருக்கு முன் ஏசியை நகர்த்துங்கள்.

புகை வேறு விஷயம். சட்டப்படி வைக்க வேண்டிய தீ எச்சரிக்கை அமைப்புக்கு நம் சின்னப் பெட்டி மாற்றாகாது. அந்த அமைப்பின் ரிலே தொடர்பை வாங்கி நம் போர்டில் இணைத்து, செய்தியை மட்டும் நாமும் அனுப்பலாம்.

சென்சார் வழியா ஹேக் பண்ணிருவாங்களா?

முடியும். அதனால் சென்சாருக்குத் தனி விஎல்ஏஎன் (ஸ்விட்சிலேயே பிரித்த தனி நெட்வொர்க்) போடுங்கள், அங்கிருந்து கண்காணிப்பு சர்வருக்கு மட்டும் வழி, இணையத்துக்குக் கிடையாது. எஸ்என்எம்பி 'பப்ளிக்' என்ற, கடவுச்சொல் மாதிரியான வார்த்தையோடு பெட்டியிலிருந்து வந்தபடியே ஓடினால் மாற்றுங்கள். எஸ்என்எம்பியின் வி3 பதிப்பு இருந்தால் அதையே எடுங்கள், பழைய வி2சியில் அந்த வார்த்தை அப்படியே திறந்தபடி கேபிளில் போகும். போனில் பார்க்க வசதியாக இருக்கிறது என்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், விபிஎன் போடுங்கள்.

சூடு ஏறினா சர்வரையே தானா ஆஃப் பண்ணிரலாமா?

செய்யலாம், ஆனால் ஒரே சென்சார் பேச்சைக் கேட்டு வேண்டாம். மேலே பார்த்த 85 நினைவிருக்கிறதா? அதை நம்பி ஒரு கல்லூரியில் அட்மிஷன் நாளன்று எல்லா சர்வரும் மரியாதையாகப் படுத்துவிட்டன. ஸ்கிரிப்ட் எழுதியவன் நான்தான்.

இப்போது நான் வைக்கும் விதி: நம் சென்சாரும் சர்வரின் சொந்த இன்லெட் சென்சாரும் இரண்டுமே 35ஐத் தாண்டி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். முதலில் டெஸ்ட் சர்வர்கள், பிறகு விர்ச்சுவல் மெஷின்கள், அப்புறம் அவற்றைத் தாங்கும் ஹோஸ்ட், கடைசியாக ஸ்டோரேஜ். முதல் இரண்டை அணைத்தாலே பல நேரம் சூடு நின்றுவிடும்.

ஏசி கெட்டுப்போறத முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

இதற்காகவே ஏசியின் வாயில் ஒன்று, அது காற்றை இழுக்கும் இடத்தில் ஒன்று என்று மாட்டச் சொல்வேன். அறை வெப்பநிலையைப் பார்க்க வேண்டாம், இந்த இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள். கம்ப்ரசர் ஓடும்போது அது 10 டிகிரியை ஒட்டி இருக்கும். ஃபில்டரில் தூசி அடைத்தாலோ கேஸ் இறங்கினாலோ வாரக்கணக்கில் இந்த இடைவெளி மாறிக்கொண்டே போகும். கேஸ் இறங்கினால் 10 மெல்ல 7, 6 ஆகும். அறையோ அதுவரை 24இலேயே இருக்கும், கம்ப்ரசர்தான் ஓய்வில்லாமல் ஓடும். மெக்கானிக்கை மார்ச்சிலேயே கூப்பிட்டுவிடலாம். மே மாதம் அவர் போனையே எடுக்க மாட்டார்.

எல்லாம் மாட்டியாச்சு. வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறது?

ஒரு வேலை நாளில், ஆட்கள் இருக்கும்போது, ஏசியை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் யார் போன் அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் சென்சார் கேபிளைப் பிடுங்குங்கள். மூன்றாவது நாள் பிராட்பேண்டை அணையுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தால் அதுவே இலவச ஒத்திகை, அன்று லீவு போடாதீர்கள்.

ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி ஏசியை அணைத்துவிட்டு நானும் அவர்களும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அறை 33 காட்டுகிறது, எவர் போனும் அடிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அலர்ட் எண் இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவருடையது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். திருப்பூரில் இருந்து எடுத்தார். "ஆமாண்ணே, இப்பக்கூட வந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ வரும். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.